மோட்டார் ஸ்கிரிப்டின் கடைசி இரண்டு வரிகள்

நிவேதா எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. அவள் கம்ப்யூட்டருக்கு எழுதிய ஒரு ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு, வேலை செய்கிற வரிகளை எல்லாம் மெயின் ஃபங்ஷனுக்குள் கொண்டுபோகச் சொன்னேன். "பத்து வரிக்கு எதுக்குக்கா மெயின்? மேலருந்து கீழ ஓடி முடிஞ்சிரும்ல" என்றாள். இங்கே அப்படித்தான் எழுதுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

இந்த மாதத்தோடு நான் இந்த வேலையிலிருந்து விலகுகிறேன். அடுத்து பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போகிறேன். முப்பதைத் தொடாதவள் வேலை அனுபவம் எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். எழுதாமல் போனால், எங்கள் ஸ்கிரிப்டுகளின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளை ஒரு நாள் யாராவது வெட்டி எறிந்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

சொந்த ஊர் தேவாரம். மதுரையில் பொறியியல் படித்தேன். படிப்பில் சி மொழி வரைக்கும்தான் தெரியும். உத்தமபாளையத்தில் வேலை என்றதும், பஸ்ஸில் போய்த் திரும்பிவிடலாம் என்று வீட்டில் சம்மதித்தார்கள். கீழே மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை, மாடியில் அலுவலகம். எனக்கு முன்னால் இருந்த இன்ஜினியர் எல்லாவற்றையும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிவைத்துவிட்டு பெங்களூர் போயிருந்தார். அவர் விட்டுப்போன கோப்புகளைப் படித்துத்தான் பைத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலாளி ஞானசேகரன் சார் காயில் கட்டி முன்னுக்கு வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீள ஸ்குரூடிரைவர் இருக்கும். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் அதன் நுனியை வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்பார். பேரிங் போயிருந்தால் அதிலேயே சொல்லிவிடுவார். ஓடுகிற எதையும் அவர் பிரிக்க விடமாட்டார். நான் மாடியிலிருந்து எந்தக் குறையைக் கொண்டு இறங்கினாலும், அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஓடுதுல்ல?" ஓடுகிறது என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது.

நாங்கள் செய்து விற்றது செல்போன் ஸ்டார்ட்டர். 2008 வாக்கில் கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருந்த யாரைக் கேட்டாலும் அதன் அருமையைச் சொல்வார்கள். கிணற்று மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று எவருக்கும் தெரியாது. அதற்காகத் தோட்டத்திலேயே காத்துக் கிடப்பார்கள். எங்கள் பெட்டியில் ஒரு சிம் இருக்கும். பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். மறுபடி கொடுத்தால் நிற்கும்.

இதோடு ஒரு சேவையும் வைத்திருந்தோம். ஒவ்வொரு ஊரிலும் எங்களுக்கு வேண்டியவர் ஒருவர் இருப்பார். கரண்ட் வந்ததும் அலுவலகத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நானோ, உடன் வேலை பார்த்த பிரபுவோ ஸ்கிரிப்டை ஓட்டுவோம். கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த மோடம், தண்ணீர் கேட்டிருந்தவர்களின் பெட்டிகளுக்கு ஒவ்வொன்றாக டயல் செய்யும். அந்த ஸ்கிரிப்டின் பெயர் மோட்டார். மெயின் என்று எதுவும் அதில் கிடையாது. முதல் வரியில் தொடங்கி எண்களைப் படிக்கும், மோடத்தைத் திறக்கும், டயல் செய்யும், முடியும். நிவேதா சொன்ன மாதிரி மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடும். அதன் நடுவில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் ஓடும் வரித் தொகுப்பாக, ஒரு சின்ன ஃபங்ஷனும் இருந்தது. தோட்டக்காரர்கள் இடைவெளி விட்டும், முன்னால் பூஜ்யம் போட்டும், போடாமலும் எழுதித் தரும் செல் எண்களை ஒரே மாதிரியாகத் திருத்தும் ஃபங்ஷன் அது.

பெட்டி மாட்டுவது, கிணற்றில் இறங்கி பம்ப் பார்ப்பது எல்லாம் ஃபிட்டர் மொக்கராசு அண்ணன் பொறுப்பு. எங்கள் பக்கத்துப் பெருங்கிணறுகளில் மோட்டாரும் பம்பும் கிணற்றுக்கு உள்ளேயே, பாறையில் வெட்டிய மேடையில் உட்கார்ந்திருக்கும். சுவிட்சும் ஃபியூஸும் எங்கள் பெட்டியும் மேலே மோட்டார் ரூமில். கிணற்றில் இறங்குகிறவர் முதலில் ஃபியூஸ் கேரியர்களை, அதாவது ஃபியூஸ் கம்பி மாட்டிய பீங்கான் கட்டைகளை, பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொள்வார். அவர் மடியில் அவை இருக்கும்வரை உலகத்தில் யார் எந்த பட்டனை அமுக்கினாலும் மோட்டார் ஓடாது. வேலை முடிந்ததும் அவற்றை வாளியில் போட்டு மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் மாட்டிவிட்டுக் காத்திருப்பார். கீழிருந்து "போடு" என்று குரல் வந்தால்தான் பட்டனில் கை வைக்க வேண்டும். பம்பில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க அந்த நேரத்தில் ஃபிட்டர் மேடையில்தான் நிற்பார். இந்த வழக்கத்தால் அதுவரைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அனுமந்தன்பட்டியில் எங்கள் முதல் பெட்டி பேச்சியம்மாள் என்பவரின் திராட்சைத் தோட்டத்தில் மாட்டியது. ஒரு நாள் காலை மொக்கராசு அண்ணன் அங்கே பம்ப் பார்க்கப் போனார். வேலை முடிந்து ஃபியூஸ் கேரியர்கள் வாளியில் மேலே வந்தன. பேச்சியம்மாள் மாட்டிவிட்டு, காலி வாளியைக் கீழே விடக் கயிற்றைப் பிடித்தார். கீழே அண்ணன் குரல் கொடுக்கும் முன்னால் பம்பில் ஒரு சொட்டு கசிவதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு திருகு திருகலாம் என்று ஸ்பேனரோடு குனிந்தார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது.

தோளில் கிடந்த துண்டு சுழலும் தண்டில் சிக்கியது. அண்ணன் துண்டை விட்டுவிட்டுப் பாறையோடு ஒண்டிக்கொண்டார். ஸ்பேனர் தண்ணீருக்குள் போய்விட்டது. தோள்பட்டையில் தோல் உரிந்ததைத் தவிரக் காயம் இல்லை. துண்டு கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் ஆளே இல்லை.

மதியம் அவர் அலுவலகத்துக்கு வந்து, கிழிந்து நார்நாராகிப் போன அந்தத் துண்டை சார் மேசைமேல் வைத்தார். குரல் கொடுக்கும் முன்னால் அந்த அம்மா பட்டனை அமுக்கிவிட்டது, இனி உங்கள் பெட்டி இருக்கிற எந்தக் கிணற்றிலும் இறங்கமாட்டேன், அவ்வளவுதான் என்றார். பின்னாலேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பேச்சியம்மாளும் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஏலே மொக்க, நானாடா அமுக்குனேன்? ஏங் கை ரெண்டும் வாளிக் கயித்துல இருந்துச்சு. மூணாவது கை எங்கன இருக்குன்னு சொல்லுடா, பாப்போம்."

"மதினி, பேயா வந்து போட்டுச்சு?"

"ஒன்னையக் கொன்னுட்டு ஏந் தோட்டத்துக்கு எவன்டா பம்ப் பாப்பான்?"

சார் நடுவில் புகுந்து, பதட்டத்தில் கை பட்டிருக்கும், வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, இத்தோடு விட்டுவிடலாம் என்று சமாதானம் சொன்னார். அது அவருடைய வழக்கமான தீர்ப்பு. பட்டறை நியாயத்துக்கு அது போதும். ஆனால் கை படவில்லை என்று ஒருவர் சத்தியம் செய்யும்போது, பட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது? பேச்சியம்மாள் பொய் சொல்லவில்லை என்றால், மோட்டாரைப் போட்டது எது என்று தெரியாமலே நாளைக்கு இன்னொரு ஃபிட்டர் இன்னொரு கிணற்றில் இறங்குவார். என் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

மோட்டார் ஓடுவதற்கு முன்னால் பெட்டியில் என்ன கேட்டது என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

"ரெண்டு சத்தம் தாயி. மொதல்ல சின்னதா டிக்குன்னுச்சு. பல்லி மாதிரி. அப்பறந்தான் டக்குன்னு பெருசா விழுந்துச்சு."

எங்கள் பெட்டியைத் திறந்து மூடிப் பழகியவர்களுக்கு இது போதும். பட்டனை அமுக்கினால் ஒரே சத்தம்தான், பெரிய சுவிட்ச் விழுகிற சத்தம். போன் வந்தால் முதலில் உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் விழும், பிறகுதான் பெரியது. மோட்டாரைப் போட்டது பேச்சியம்மாள் இல்லை. எங்கிருந்தோ வந்த ஒரு கால்.

அந்தப் பெட்டியில் பதிவாகியிருந்தது பேச்சியம்மாளின் செல்லும், மோடத்தில் இருந்த எங்கள் அலுவலக எண்ணும்தான். அவருடைய செல் வீட்டில் சார்ஜில் இருந்தது. அன்று காலை யாரும் மோட்டார் ஸ்கிரிப்டை ஓட்டவில்லை என்று எனக்குத் தெரியும். பிரபுவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் வெளிறியிருந்தது. காலையில் புதிதாக ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினானாம். அது எதையும் காட்டாமல் வெகுநேரம் நின்றதாம், சிக்கிக்கொண்டது என்று நினைத்து நடுவில் நிறுத்தினானாம்.

"மோட்டார நான் ஓட்டவேயில்லக்கா. நம்பர் திருத்துற ஃபங்ஷன மட்டுந்தான் அதுலருந்து எடுத்தேன்."

என்ன நடந்தது என்பது எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குச் சொல்லால் புரியவைக்க முடியாது என்பதும் புரிந்தது. பட்டறையிலிருந்து ஒரு பெட்டியை மேலே கொண்டுவரச் செய்து மேசைமேல் வைத்தேன். எண்கள் இருந்த கோப்பில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்தப் பெட்டியின் எண்ணை மட்டும் போட்டேன். ரிப்போர்ட் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டு என்று பிரபுவிடம் சொன்னேன். அவன் ஓட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிக். டக்.

மொக்கராசு அண்ணன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். சார் கையிலிருந்த ஸ்குரூடிரைவரை மேசைமேல் வைத்தார்.

இங்கே நிவேதாவுக்காகக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு கோப்பிலிருந்து ஒரே ஒரு ஃபங்ஷனை இம்போர்ட் செய்கிறாய். பைத்தான் அந்த ஒன்றை மட்டும் கிள்ளிக்கொண்டு வராது. கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு முறை ஓட்டும். ஓட்டினால்தான் உள்ளே என்னென்ன ஃபங்ஷன் இருக்கின்றன என்று அதற்கே தெரியும். டெஃப் என்று தொடங்கும் பகுதிகளை நினைவில் வைத்துக்கொள்ளும். வெளியே வெறுமனே கிடக்கிற வரிகளை, மோடத்தைத் திற என்பதையும் டயல் செய் என்பதையும், அங்கேயே செய்து முடித்துவிடும். பிரபு எண் திருத்தக் கேட்டான். கோப்பு முதல் வரியிலிருந்து ஓடி, அவன் நிறுத்தும் முன்னால் அனுமந்தன்பட்டிக்கும் போன் போட்டுவிட்டது. அப்போது மும்முனை மின்சாரம் இருந்தது அந்த ஊரில் மட்டும். மற்ற ஊர்களில் பெட்டி அடித்தும் மோட்டார் ஓடவில்லை.

சார் உடனே ஒரு வழி சொன்னார். பிரபு இனிமேல் அந்த ரிப்போர்ட்டை ஓட்ட வேண்டாம். மோட்டார் ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடுகிறது, அதில் கை வைக்க வேண்டாம்.

"ஓடுதுல்லம்மா?"

"அது ஓடுறதுதான் சார் பிரச்சினை."

இன்று பிரபுவின் ரிப்போர்ட், நாளைக்கு வேறு ஒருவர் வேறு ஒன்றுக்காக அதே கோப்பைத் தொடுவார், யார் எப்போது தொடுவார் என்று நாம் காவல் காக்க முடியாது என்றேன். சரி பண்ணும்வரை மோடம் வேண்டாம் என்றும் சொன்னேன். சாயங்காலம் கரண்ட் வந்தால் தோட்டக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். செல்லில் கையால் கூப்பிடலாம் என்றேன். அவர் யோசிக்கும்போதே மோடத்தின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, என் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டேன். மொக்கராசு அண்ணன் என் பையையே பார்த்தார்.

சரிசெய்து முடியும்வரை சார்தான் மோடத்தின் சிம்மைத் தன் செல்லில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் போன் போட்டார், நின்றுகொண்டே. ஒவ்வொரு தடவை கட்டை விரலால் எண்ணை அமுக்கும்போதும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

ஸ்கிரிப்டைத் தாளில் அச்செடுத்து, இரண்டு நிறப் பேனாக்களோடு உட்கார்ந்தேன். எப்படிச் செய்வது என்று சொல்லும் வரிகளுக்கு நீலம், செய்துவிடுகிற வரிகளுக்குச் சிவப்பு. ஃபங்ஷன்களுக்கு வெளியே சிவப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். எண்களைப் படிப்பது ஒரு ஃபங்ஷன். மோடத்தைத் திறப்பது ஒன்று. டயல் செய்வது ஒன்று. இவற்றை வரிசையாகக் கூப்பிடுகிற பொறுப்பு மெயினுக்கு மட்டும். மெயினுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். எந்த ஊர் என்று சொல்லாமல் ஓட்டினால், யார் யாரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். கோப்பின் அடியில் இந்த இரண்டு வரிகள்:

if __name__ == "__main__":
    main()

நேராக இந்தக் கோப்பையே ஓட்டினால் மட்டும் மெயினைக் கூப்பிடு, வேறு யாராவது இதிலிருந்து எதையாவது இரவல் வாங்க வந்தால் சும்மா இரு என்பதுதான் இதன் பொருள். மற்ற கோப்புகளையும் இதே பேனாக்களோடு பார்த்தேன். சிம்மில் பாக்கி பார்க்கும் ஸ்கிரிப்டிலும் மோடத்தைத் திறக்கிற வரி வெளியே கிடந்தது. அதையும் உள்ளே தள்ளினேன்.

பிரபு அந்த நாட்களில் பழி தன்மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இருக்கிற ஃபங்ஷனைப் பிரதி எடுக்காமல் இம்போர்ட் செய்ததுதான் சரியான வேலை, உன்னைப் போல் ஒழுங்காக வேலை செய்கிறவன் கையில் இது வெடித்திருக்கிறது, அதனால்தான் கோப்பை மாற்றுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்தான். பெட்டியை மேசைமேல் வைத்து, அடாப்டரை மாட்டி, கோப்புகளை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்தோம். பெட்டி வாய் திறக்கவில்லை.

மேசைமேல் இருந்த பெட்டி மொக்கராசு அண்ணனுக்குப் போதவில்லை. மற்ற ஃபிட்டர்களும் அவர் சொல்லைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். பைத்தானை அவருக்குப் புரியவைக்க, கோப்புக்கும் மடியில் ஃபியூஸ் கேரியர் கட்டியாகிவிட்டது என்று சொன்னேன். உவமையை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"அது சரி இன்ஜினியரம்மா. அந்தக் கெணத்துலயே காட்டுங்க. உள்ள ஆளு இல்லாம."

நியாயமான கேள்வி. சாரும் நானும் அவரும் அனுமந்தன்பட்டிக்குப் போனோம். கரண்ட் இருந்த நேரம். பேச்சியம்மாள் ஃபியூஸ் கேரியர்களை மாட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி மோட்டார் ரூமுக்கு வெளியே வந்து நின்றார். நான் அலுவலகத்தில் இருந்த பிரபுவுக்கு போன் போட்டு ரிப்போர்ட்டை ஓட்டச் சொன்னேன். ஓட்டினான். ரிப்போர்ட் வந்துவிட்டது என்றான். மற்றவற்றையும் ஓட்டச் சொன்னேன். கிணற்றுக்குள் பம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. சார் ஸ்குரூடிரைவரை எடுத்து, ஓடாத பெட்டியில் வைத்துக் காதைக் கொடுத்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு, ஊர் பெயரைச் சொல்லி மோட்டார் ஸ்கிரிப்டை ஓட்டு என்று பிரபுவிடம் சொன்னேன். டிக், டக். மோட்டார் ஓடியது. மறுபடி கூப்பிட்டு நிறுத்தினோம்.

அதன் பிறகு அலுவலகத்தில் நான் எந்தப் புது ஸ்கிரிப்டைக் காட்டினாலும் சார் கேட்கும் கேள்வி மாறியது. "சும்மா இருக்கச் சொன்னா இருக்குமா?" என்பார். அதற்கு ஆமாம் என்று சொல்ல முடிந்தால்தான் அந்த ஸ்கிரிப்ட் மோடம் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகும். பெட்டியிலும் ஒரு மாற்றம் செய்தார். போன் வந்தால் கேட்காதே என்று திருப்பி வைக்க ஒரு சாவி. ஃபிட்டர் மேடையில் நிற்கும்போது மோட்டார் ஓட்டிப் பார்க்கும் வழக்கமும் நின்றது. இப்போது மேலே ஏறி வந்த பிறகுதான் ஓட்டுகிறார்கள். நிவேதா, சாரின் கேள்வி, சாவி, இந்தப் புது வழக்கம் மூன்றும் எதற்காக வந்தனவோ, அதற்காகத்தான் உன் பத்து வரிக்கும் மெயின் கேட்கிறேன். பத்து வரியா நூறு வரியா என்பது கணக்கே இல்லை. அதில் ஒரு வரி எங்கோ ஒரு கிணற்றுக்குள் எட்டுமா என்று மட்டும் பார்.

அன்று அனுமந்தன்பட்டியில் மோட்டாரை நிறுத்தியதும், மொக்கராசு அண்ணன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கி மடியில் கட்டினார், புதுத் துண்டைக் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்தார், இறங்கினார். பாதியில் விட்ட அந்தத் திருகைத் திருகி முடித்தார். ஏறி வந்து ஃபியூஸ் கேரியர்களைத் தன் கையாலேயே பேச்சியம்மாளிடம் கொடுத்தார். அவர் மாட்டினார். ஆனால் பட்டனைத் தொடவில்லை.

"போடுங்க மதினி."

"ஏன், நீயே போடேன். நாளைக்கு ஊரெல்லாம் நாந்தான் போட்டேன்னு சொல்லவா?"

"நீங்கதான் போடணும்."

பேச்சியம்மாள் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். டக் என்று சுவிட்ச் விழுந்தது. கீழே மோட்டார் ஓடி, குழாய் வழியே தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுச்சா தாயி? ஒரே சத்தம்."